பார்த்தாச்சு

கோதண்டத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. லிஃப்ட் வேலையில் இருபத்தெட்டு வருஷம். அவருடைய குருவுக்கு முப்பத்தொன்றுதான். கம்பெனிக்கு ஏஐ வந்தபோது, அதோடு வேலை செய்யச் சொல்லிக்கொடுக்க வந்தவள் இளவெயினி. 'உங்க குரு' என்று முதலில் கிண்டல் செய்தது அவரிடம் வேலை பார்க்கும் செல்வின். கோதண்டம் அதை மனதாரவே எடுத்துக்கொண்டார்.

அன்று மதியம் மூன்று மணிக்குப் பராமரிப்பு முடித்து ஆஸ்பத்திரி லிஃப்டைத் திறந்துவிட வேண்டும். ஆபரேஷனுக்குப் போகும் நோயாளிகளை ஏற்றுகிற லிஃப்ட். கோதண்டம் கையெழுத்துப் போட்டால் ஓடும்.

சோதனைக்காக அது ஆளில்லாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது. யாரோ இறங்கட்டும் என்பதுபோல நின்றது. பிறகு மூடிக்கொண்டது.

"எல்லாத்தையும் இந்த ஏஐயே எழுதிடுதும்மா," என்று செல்லை நீட்டினார் கோதண்டம். "இனி நான் கத்துக்க என்ன இருக்கு?"

இளவெயினி அறிக்கையைப் படித்தாள். 'பிரேக் பார்த்தாச்சு.'

"யார் பார்த்ததுண்ணே?"

"செல்வின்தான்."

அவள் செல்வினை ஸ்பீக்கரில் கூப்பிட்டாள். அவன் கீழ்த்தளத்தில் இன்னொரு மெக்கானிக் ஆமினாவோடு வயர் இழுத்துக்கொண்டிருந்தான்.

"பிரேக்கா? பார்த்தாச்சே மேடம். ஆமினா பார்த்திருப்பா. விட்டா தூசியைக்கூட எண்ணுவா."

"நானா?" என்று பக்கத்திலிருந்து ஆமினாவின் குரல் சிரித்தது. "நான் வர்றப்பவே பார்த்தாச்சுன்னு இருந்துச்சு. அண்ணன் பார்த்திருப்பாருன்னு விட்டுட்டேன்."

கோதண்டம் இல்லையென்று தலையாட்டினார்.

இளவெயினி ஏஐயிடமே கேட்டாள். "பிரேக்கை யார் பார்த்தது?"

"அதெல்லாம் பார்த்தாச்சும்மா. கவலையே வேணாம்," என்றது அது.

வாடிக்கையாளர்களிடம் காலமெல்லாம் கோதண்டம் சொல்லிவந்த பேச்சு அது. அவருடைய வாய்ஸ் மெசேஜ்களிலிருந்து பொறுக்கியிருக்கும். 'ம்மா'வில் வந்த இழுப்புகூட அவருடையதுதான்.

லிஃப்ட் அவர்கள் முன்னால் வந்து திறந்தது. இளவெயினி உள்ளே போய் நின்றாள்.

"வாங்கண்ணே. ஏழாவது மாடி."

அவர் ஏறவில்லை.

கதவு மூடப்போனது. கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தார்.

"வெளிய வாம்மா. முதல்ல வெளிய வா."

அவள் வந்தாள். அவர் மெயின் சுவிட்சை அணைத்தார். "செல்வின், ஆமினா, ரெண்டு பேரும் மேல மெஷின் ரூமுக்கு வாங்க. நானும் வர்றேன்."

செல்வின் மூடியைக் கழற்றினான். ஆமினா டார்ச் அடித்தாள். கோதண்டம் விரல் விட்டுத் தடவினார். சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் ஷூ தேய்ந்து காகிதமாகியிருந்தது.



இன்று லிஃப்ட் ஓடாது என்று ஆஸ்பத்திரிக்கு அவரே போன் செய்தார். அப்புறம் குருவிடம் வந்தார்.

"பார்க்காததைப் பார்த்தாச்சுன்னு சொல்ல இது எங்கம்மா கத்துக்கிச்சு?"

இளவெயினி பழைய பதிவுகளைத் திறந்து காட்டினாள். தினமும் காலையில் ஏஐ அனுப்பிய அதே கேள்வி: 'பிரேக்கை யார் பார்த்தது?' ஒவ்வொன்றின் கீழும் மூன்று பேரிடமிருந்தும் வெறும் 'ஓகே'.

"நாப்பது நாள் உங்க மூணு பேரையும் கேட்டிருக்குண்ணே," என்றாள். "நாப்பத்தொண்ணாவது நாள் கேக்குறத விட்டுடுச்சு."