தன் வேலைக்கே தேறாத பிச்சாண்டி

கடவுள் புத்தியைப் பங்கு வைத்த அன்று பிச்சாண்டி, கோதண்டம், அழகேசன் மூவரும் சாப்பிடப் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. இருந்தாலும் துரைப்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் மூவருக்கும் மென்பொருள் சோதிக்கும் வேலை கிடைத்து, பக்கத்திலேயே ஒரே அறையில் குடியிருந்தார்கள். எப்படிக் கிடைத்தது என்று கம்பெனியும் யோசித்ததில்லை, இவர்களும் யோசித்ததில்லை.

பிச்சாண்டிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் பூங்கொடி கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு, தாம்பரத்தில் சித்தி வீட்டில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தாள். அவள் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: கோதண்டமும் அழகேசனும் இல்லாத வீடாக இருக்க வேண்டும். விவரமான பெண். பிச்சாண்டிக்கோ அவளைப் பார்த்த நாளிலிருந்து வேறு நினைப்பே கிடையாது. இருக்கிற சம்பளத்தில் தனி வீடு கட்டுப்படியாகாது என்பதால் பக்க வருமானம் தேட ஆரம்பித்தான்.

வேலை தேடுகிறவர்களுக்காக இணையதளம் நடத்தும் மேகலா மேடம் கை கொடுத்தார். ஐ.டி. வேலை, இன்டர்வியூவுக்குத் தயாராவது, இதையெல்லாம் பற்றி எழுதினால் கட்டுரைக்கு இவ்வளவு என்று தருவதாகச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். போனை வைக்கும்முன், "நீங்களே செஞ்சு பார்க்காத எதையும் எழுதாதீங்க" என்றும் சொல்லித் தொலைத்தார்.

முதல் கட்டுரையில், இன்டர்வியூவுக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய்விட வேண்டும் என்று எழுத நினைத்தான் பிச்சாண்டி. செய்து பார்க்காமல் எழுதக்கூடாதே. மறுநாள் காலை இஸ்திரி போட்ட சட்டையோடு முன்பின் தெரியாத ஒரு கம்பெனி வாசலில் போய் நின்றான். காவலாளி எத்தனை மணிக்கு இன்டர்வியூ என்று கேட்டார்.

"இன்டர்வியூ இல்லீங்க. முன்னாடி வர்றதை மட்டும் பழகிக்கிறேன்."

காவலாளி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வந்தது போதும் போ என்றார். அதையும் கட்டுரையில் சேர்த்துக்கொண்டான்.

அடுத்தது, கேள்வி கேட்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசுவது. இதற்கு அழகேசனும் பிச்சாண்டியும் எதிரெதிரே உட்கார்ந்து இமைக்காமல் பார்த்துக்கொண்டார்கள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. சாப்பாடு கொண்டுவந்த மெஸ்காரர் ஏதோ சாவுச் செய்தி என்று நினைத்து, அன்றைக்குக் காசு வாங்காமல் போனார். பக்க வருமானம் ஆரம்பித்துவிட்டது என்று கோதண்டம் அறிவித்தான்.

மேகலா மேடத்துக்கு இரண்டும் பிடித்துப்போயின. சிரிப்புக் கட்டுரை என்று நினைத்துவிட்டார், பாவம். அடுத்து மாதிரி இன்டர்வியூ பற்றி எழுதச் சொல்லி, அதை நிஜம் போலவே நடத்திப் பார்க்கும்படியும் கேட்டுக்கொண்டார்.

எந்த வேலைக்கு நடத்துவது என்று மூவரும் கூடி ஆலோசித்தார்கள். தெரியாத வேலைக்கு நடத்தினால் பதில் சரியா தப்பா என்று யார் சொல்வது? ஆகவே பிச்சாண்டி பார்க்கிற வேலைக்கே நடத்துவது என்று முடிவாயிற்று. கோதண்டம் கழுத்தில் டை கட்டிக்கொண்டான். கட்டிலை இழுத்துப் போட்டு, அவனும் அழகேசனும் கேள்வி கேட்கும் பேனலாக அமர்ந்தார்கள். பிச்சாண்டியை வெளியே வராந்தா நாற்காலியில் வெகுநேரம் காக்கவைத்து, பிறகு உள்ளே கூப்பிட்டார்கள்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றான் கோதண்டம்.

"உனக்குத் தெரியாதாடா?"

"எனக்குத் தெரியும். பேனலுக்குத் தெரியாது."

பிச்சாண்டி வேர்த்து விறுவிறுத்துப் போனான். தினமும் செய்கிற வேலையைப் பற்றிக் கேட்ட கேள்விக்கெல்லாம் வாய் குழறியது. பேனல் குளியலறைக்குள் போய்க் கலந்து பேசிவிட்டு வந்தது.

"மன்னிக்கணும். இந்த வேலைக்கு நீங்க சரிப்பட மாட்டீங்க."

"நாலு வருஷமா நான்தானேடா பார்க்கறேன்?"

"அதுதான் எங்களுக்கும் ஆச்சரியமா இருக்கு" என்றான் அழகேசன். "நாளைக்கு நீ போய் அந்த சீட்ல உக்காந்தா அது ஆள்மாறாட்டம்டா. போலீஸ் கேஸாயிடும்."

பிச்சாண்டிக்கு அழுகையே வந்துவிட்டது. வேலை போனால் வீடு போகும், வீடு போனால் பூங்கொடியும் போவாள். ஆனாலும் நேர்மையானவன். இன்டர்வியூவில் தேறாத காரணத்தால் வேலையை விட்டு விலகுவதாக மேனேஜர் வித்யாசாகருக்கு மெயில் அனுப்பிவிட்டான்.

வித்யாசாகர் அந்தக் கம்பெனிக்குப் பொருத்தமான மேனேஜர். பையனுக்கு வெளியே வேலை கிடைத்திருக்கிறது, அதை மறைத்து ஆழம் பார்க்கிறான் என்று கணக்குப் போட்டு, சம்பளத்தை உயர்த்தித் தருவதாகச் சொன்னார். தகுதியில்லாதவனுக்கு எதற்கு சார் என்றான் பிச்சாண்டி. இன்னும் உயர்த்தினார். அவன் இன்னும் பணிவாக மறுத்தான்.

"உனக்குத் தகுதி இல்லேன்னு யாருப்பா சொன்னது?"

"பேனல் சொல்லிட்டாங்க சார்."

மேலிடத்தில் தனக்குத் தெரியாமல் ஒரு பேனல் போட்டிருக்கிறார்கள் என்று வித்யாசாகர் முடிவுகட்டினார். அது யார் என்று கேட்கக்கூட தைரியமில்லை. பேனல் யாரைத் தேர்ந்தெடுக்கிறதோ அவரை உயர்த்திய அதே சம்பளத்துக்கு அனுப்பிவைக்கும்படி குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

பிச்சாண்டி வேலையை விட்ட சேதி கேட்டு மறுநாளே பூங்கொடி ஷேர் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தாள். மூன்று மாடி ஏறிய மூச்சு வாங்கலில் வராந்தா நாற்காலியில் ஒரு நிமிடம் உட்கார்ந்தாள். அந்த நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் கோதண்டம் டையைச் சரிசெய்துகொண்டு உள்ளே அழைத்தான்.

தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். அவள் அவர்களைப் பற்றிச் சொன்னாள். வெகுநேரம் சொன்னாள், ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. உங்களுடைய பலவீனம் என்ன என்று அழகேசன் பயந்துகொண்டே கேட்டான்.

"இவரைக் கட்டிக்கச் சம்மதிச்சது."

தெளிவான பதில் என்று பேனல் ஒருமனதாக அவளைத் தேர்ந்தெடுத்தது. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் சம்பளம் எவ்வளவு என்று பிச்சாண்டி சொன்னதும் அடித்த கையை எடுத்துவிட்டு, எப்போது சேர வேண்டும் என்று கேட்டாள். திங்கட்கிழமை பிச்சாண்டியின் சீட்டில் உட்கார்ந்தாள். இப்படி ஒருவர் இத்தனை நாள் எங்கே இருந்தார் என்று வித்யாசாகர் பேனலை மெச்சிக்கொண்டார். அந்தச் சம்பளத்தில் தனி வீட்டுக்கும் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.

வீட்டைக் காட்டுவதாகப் பிச்சாண்டியை வரச்சொன்னாள். அவன் துள்ளிக்கொண்டு போனான். பூங்கொடி கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே இன்னொரு நாற்காலி. உட்காரச் சொன்னாள். மாப்பிள்ளை வேலைக்கு அவன் லாயக்குதானா என்று நிறையக் கேள்வி கேட்டாள்.

அறைக்குத் திரும்பியவனின் முகம் மலர்ந்திருந்தது. தடுமாறாமல் எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னதாகவும், பூங்கொடி யோசித்துச் சொல்லியனுப்புவதாகக் கூறி வாசல்வரை வந்து கதவைச் சாத்திக்கொண்டதாகவும் நண்பர்களிடம் சொன்னான்.

கோதண்டத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது. "மாதிரி இன்டர்வியூவாடா அது, நிஜ இன்டர்வியூவா?"

"கேக்க மறந்துட்டேன்டா" என்றான் பிச்சாண்டி.

"சரி விடு" என்று கோதண்டம் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தான். "அடுத்த கல்யாணத்துல மறக்காம கேட்டுக்கோ."