ராஜா விலக்கிப் பார்த்த வைக்கோல்

உட்கார்ந்துவிட்டீர்களா? நன்றாகச் சம்மணம் போட்டே உட்காருங்கள். இது உட்காரவே தெரியாத ஒரு ராஜாவின் கதை.

மலைகளுக்கு யாரும் எல்லைக்கல் நடாத காலத்தில் குன்றாளன் என்று ஒரு ராஜா இருந்தான். சாப்பிடும்போது வேட்டையை நினைப்பான், வேட்டையில் சாப்பாட்டை நினைப்பான். ஒருநாள் மலையுச்சியிலிருந்து சூரிய உதயம் பார்க்க ஆசைப்பட்டான். அதுவும் தேரில் போய்த்தான் பார்க்க வேண்டுமாம்! மூன்றே மாதத்தில் மரத்தை வெட்டி, புல்லைச் செதுக்கி, சரிவைக் குடைந்து பாதை போட்டார்கள். ராஜா போனான், பார்த்தான், "இவ்வளவுதானா?" என்று திரும்பிவிட்டான்.

வெட்டிய மலை அப்படியே கிடந்தது.

மலையடியில் செம்பூர் ஏரி. அதை நம்பி முந்நூறு வீடு. புரட்டாசியில் விழுந்த ஒரு தூறலுக்கே ஏரித் தண்ணீர் செக்கச்செவேல் என்று ஆனது. அந்த ஏரியின் மதகைத் திறந்து மூடுபவள் ஒச்சாயி. அவள் தண்ணீரில் இறங்கினாள். சேறு முழங்கால்வரை உள்ளே இழுத்தது. அடைமழை வந்தால் மலை மண் மொத்தமும் ஏரியில்தான். ஏரி மேடானால் ஊரே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஊர் போய் முறையிட, ராஜாவின் ஆணைப்படி முதலில் தளபதி சரிவில் கல்சுவர் எழுப்பினான். அடுத்த தூறலில் சுவர் மண்ணோடு சேர்ந்து சரிந்தது. அடுத்து அமைச்சர் விதை தூவினார். புறா பாதி தின்றது, எறும்பு பாதி இழுத்தது, மிச்சம் உருண்டு ஏரிக்குப் போனது.

மூன்றாவதாக ஒச்சாயி வந்தாள். "சாமி, மலையைத் தோலுரிச்சுப் போட்டுட்டோம். மேல ஒண்ணைப் போத்த வேணாமா?"

சரிவுக்குக் குறுக்கே வரிவரியாகக் கீறினாள். கொள்ளு, கொழுஞ்சி, புல் மூன்றையும் கலந்து விதைத்தாள். மேலே மூட வைக்கோல் கேட்டபோதுதான் ஊர் கொதித்தது.

"மாட்டு வாயில இருக்கறதைப் புடுங்கி மலைக்குப் போடச் சொல்றியா?"

ஒச்சாயி தன் வீட்டுக் கூரை வைக்கோலைப் பிரித்துக்கொண்டுபோய்ப் பரப்பினாள். அதைப் பார்த்த பிறகு ஒவ்வொருவராக வைக்கோல் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காற்றில் பறக்காமல் பனைநார்க் கயிற்றால் இழுத்துக் கட்டினார்கள்.

"இருபத்தொரு நாள் சாமி. மிதிக்கக் கூடாது, மேய்க்கக் கூடாது, விலக்கிப் பாக்கக் கூடாது" என்றாள் ஒச்சாயி. ராஜாவும் தலையாட்டினான்.

தலையாட்டியவனுக்குக் கால் நிற்கவில்லை. முளைத்திருக்குமா? முளைக்காவிட்டால்? முதல் நாள் போய்க் கையகலம் விலக்கிப் பார்த்தான். மறுநாள் அதே இடத்தில் பாயகலம் விலக்கினான். மூன்றாம் நாள் கயிற்றையே அறுத்து, கட்டிலகலம் விலக்கி, ஒரு கொள்ளு விதையைத் தோண்டி வேர் விட்டிருக்கிறதா என்று பார்த்தான். சிரிக்காதீர்கள். உலைப்பானையைப் பத்து தடவை திறந்து பார்க்கிறவர்கள்தானே நீங்களும்!

சொன்ன நாளுக்கு முன்பே மழை வந்துவிட்டது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கொட்டித் தீர்த்தது. மலை நின்றது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஆள் உயரத்துக்குப் பள்ளம் பறித்து, மண் ஏரிக்குள் இறங்கியிருந்தது.

"இவ வேலை லட்சணத்தைப் பாத்தீங்களா மகாராஜா?" என்றான் தளபதி. "எங்க வைக்கோலும் போச்சு, இவளை ஊரைவிட்டுத் துரத்துங்க" என்று கத்தினார்கள் ஜனங்கள்.

ஒச்சாயி தன் கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எல்லா இடத்துலயும் ஒரே மாதிரிதான் போட்டேன். இங்க மட்டும் ஏன்னு எனக்கே தெரியல சாமி" என்று அழுதுவிட்டாள்.

தெரிந்தவன் ஒருவன்தான். அவன் வாயைத் திறக்காமல் இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? ராஜா மூன்று முறை வாயைத் திறந்தான், இரண்டு முறை மூடிக்கொண்டான். இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு அவன்மேல் கோபம் வரும். மூன்றாம் முறைதான் குரல் வந்தது.

"அவளை விடுங்கள். வைக்கோலை விலக்கியது நான்தான்."

ஒச்சாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதிரில் நிற்பவன் ராஜா என்றும் பார்க்காமல் சொன்னாள்:

"அரமனை லாயத்து வைக்கோல் வேணும் சாமி. மாடுகளுக்கும் வேணும், இந்தப் பள்ளத்துக்கும் வேணும். போத்தி முடிச்சதும் நீங்க இங்கயே உக்காருங்க. கை மட்டும் மடியிலயே இருக்கட்டும்."

வைக்கோல் வந்தது. பள்ளத்தை மண்ணால் நிரப்பி, மறுபடி விதைத்து மூடினார்கள். ராஜா ஓலைக்குடையின் கீழ் உட்கார்ந்தான். முதல் வாரம் கால் ஆடியது. இரண்டாம் வாரம் விரல் ஆடியது. மூன்றாம் வாரம் எதுவும் ஆடவில்லை. இருபத்தோராம் நாள் காலையில் வைக்கோலைத் தானே விலக்கிக்கொண்டு ஒரு பச்சை நுனி வெளியே வந்தது. தொட்டுப் பார்க்கக் கை நீட்டிய ராஜா, பாதியிலேயே அதை மடிக்கு இழுத்துக்கொண்டான்.

கெடுத்ததைச் சரிசெய்யப் புறப்பட்டவன், அது தேறும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கவும் கற்க வேண்டும்.