கேழ்வரகுத் தோட்டா

நெருப்பைத் தொட்டுச் சொல்கிறேன், உப்பைத் தொட்டுச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. அந்தப் பன்றியைத் தொட்டும் சொல்லியிருப்பேன். அதை அன்றைக்கே தின்று தீர்த்துவிட்டார்கள்.

வேட்டைக்குத் தடை வராத காலம். கொல்லிமலை அடிவாரத்து மிட்டாதார் செங்கோடர், மூச்சிரைக்க மலையேறி வந்து குண்டுச் சாமியின் முன்னால் தொப்பென்று உட்கார்ந்தார்.

"சாமி, என் மீசைக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் ஆயுசு."

குண்டுச் சாமி முன்பு பட்டாளத்தில் தோட்டா செய்தவர். பிறகு சாமியாரானார். இரண்டும் ஒரே வேலைதான் என்பார். அளவுக்கு மேல் திணிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

"மீசை என்னய்யா தப்புப் பண்ணிச்சு?"

"தப்பு வாயோடதுங்க. சம்பந்தி காட்டுல ஒரு பன்னி மரவள்ளியைத் தோண்டித் தோண்டித் திங்குது. கல்யாணப் பந்தியில, அத்தனை பேர் நடுவுல, வெள்ளிக்கிழமைக்குள்ள அதை இந்தக் கைத்துப்பாக்கியால சாய்ப்பேன், இல்லேன்னா மீசையை எடுப்பேன்னுட்டேன்."

"நீளத் துப்பாக்கி இல்லையா?"

"இருக்குங்க. அதுல எவன் வேணும்னாலும் சுடுவான்னும் சொல்லித் தொலைச்சுட்டேன்."

சாமி சிரிப்பைத் தாடிக்குள் ஒளித்துக்கொண்டார்.

மிட்டாதார் மடியை அவிழ்த்தார். உள்ளே ஒரு குட்டித் தராசு, கூடவே தோட்டாக்கள், புதுப் பொண்ணு வளையல் மாதிரி மின்னின.

"கடைத் தோட்டா கோணிக்கிட்டுப் போகுதுன்னு எல்லாம் நானே கட்டினது. தோட்டாக் கூட்டைப் புளி போட்டு விளக்கினேன். வெடிமருந்தைத் தட்டான் தராசுல நிறுத்தேன். அப்பவும் குண்டு கோணிக்கிட்டுத்தான் போகுது. குறி வெச்ச பூசணிக்காய் முத்திப்போச்சு, ஒரு கீறல் விழல. மருந்து ஒரு துளி கூடவா, குறைச்சலா? அதை மட்டும் சொல்லுங்க."

சாமி ஒரு தோட்டாவை உருட்டிப் பார்த்தார்.

"நான் கட்டினதைவிட நல்லாயிருக்கு."

"அப்புறம் ஏன்?"

"தராசைக் கொடு."

கொடுத்தார். சாமி அதை மரக்கிளையில் தொங்கவிட்டு, தட்டில் மரத்துக் கிளிக்கு ஒரு மிளகாய் வைத்தார். பிறகு தோட்டாக்களை அள்ளிக்கொண்டு குடிசைக்குள் போனார்.

வெகுநேரம் கழித்து ஆறு தோட்டாக்களோடு வந்தார். மிட்டாதாரின் துப்பாக்கியில் அவரே போட்டார். பாறைமேல் ஒரு பூசணிக்காயை வைத்தார்.

"சுடுய்யா."

டமார். காய்க்கு முன்னால் மண் பறந்தது.

"இன்னொண்ணு."

டமார். அதே மண்.

"இன்னொண்ணு."

டிக்.

வெடி இல்லை, புகை இல்லை. ஆனால் துப்பாக்கிக் குழாய் மட்டும் மாமனாரைக் கண்ட மருமகள் போலத் தலையைக் கவிழ்த்துக்கொண்டது. இறுக மூடியிருந்த கண்களை மிட்டாதார் திறந்தார். குழாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சாமி, வெடிக்கல."

"ஆமா."

"ஆனா குனிஞ்சிருக்கு."

"ஆமா."

"அதுல என்ன போட்டீங்க?"

"கேழ்வரகு. அடியில தீப்பொறி விடாத செத்த கேப்பு."

மிட்டாதார் குழாயைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார். "அப்போ கோணினது குண்டு இல்ல, சத்தத்துக்குப் பயந்த என் கைதான்!" என்று தலைப்பாகை அவிழ்ந்து தோளில் விழும்வரை சிரித்தார்.

அன்றிலிருந்து குடிசை வாசலில்தான் ஜாகை. சாமி தோட்டாக்களைக் கலந்து கலந்து கொடுத்தார். மிட்டாதார் ஒவ்வொன்றையும் காதருகே ஆட்டிக் கேட்டார். மருந்தும் கேழ்வரகும் ஒரே பாஷை பேசின.

"எதுல கேழ்வரகுன்னு மட்டும் சொல்லிடுங்க சாமி."

"சொன்னா அதை மட்டும் ஒழுங்காச் சுடுவே."

வெள்ளிக்கிழமை விடிந்தது. மரவள்ளிக் காட்டு வரப்புக்குப் பின்னால் ஊரே பதுங்கியிருந்தது. சம்பந்தி அத்தப்பர் நாவிதரையும், ஒரு கிண்ணம் வெந்நீரையும் கையோடு கூட்டி வந்திருந்தார்.

"அவசரமில்லைங்க சம்பந்தி. வெந்நீர் ஆறினா மறுபடி வெச்சுக்கலாம்."

மிட்டாதார் மீசையைத் தடவிக்கொண்டே சாமியிடம் குனிந்தார்.

"இன்னைக்காச்சும் ஆறும் மருந்துதானே?"

"ஒண்ணு கேழ்வரகு."

"ஐயோ, எது?"

"மறந்துட்டேன்."

பன்றி வந்தது. எருமை அளவு என்று சொன்னால் எருமை வெட்கப்படும். அதன் முதுகில் இரண்டு கொக்குகள் சவாரி வந்தன. அது ஒரு கிழங்கைப் பிடுங்கிற்று, மென்றது, நின்று மிட்டாதாரைப் பார்த்தது.

அவர் இரண்டு கையாலும் துப்பாக்கியைத் தூக்கினார். பின்னால் சவரக்கத்தி தீட்டும் தோல்வாரில் ஏறி இறங்கும் சத்தம், சரக், சரக்.

'என் ராசிக்கு முதல்ல வர்றது கேழ்வரகாத்தான் இருக்கும்' என்று நினைத்தார்.

கேழ்வரகுக்கு யார் பயப்படுவார்கள்? கண் திறந்தே இருந்தது. விரல் தானாக மடங்கிற்று.

டமார்!

எல்லாரையும்விட அதிகமாகத் துள்ளியவர் மிட்டாதார்தான். பன்றி விருந்து முடிந்த ஆள் போல ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்தது. கொக்குகள் மெதுவாக இறங்கி நடந்து போயின.

ஒரே கூச்சல். மிட்டாதாரைத் தோளில் தூக்கினார்கள். "வெந்நீர் சூடாத்தான் இருக்குங்க, யாருக்காச்சும் வேணுமா?" என்று நாவிதர் கேட்க, அத்தப்பர் தன் மீசையைத் துண்டால் மூடிக்கொண்டார்.

கும்மாளம் அடங்கியதும் மிட்டாதார் வரப்பில் உட்கார்ந்து, மிச்சமிருந்த தோட்டாக்களைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொட்டினார். மருந்து. மருந்து. மருந்து. மருந்து. கடைசியிலும் மருந்து.

அவர் வாய் பிளந்தது.

"சாமி, எல்லாத்துலயும் மருந்துதான் இருக்கு. கேழ்வரகுத் தோட்டா எங்கே?"

சாமி பன்றியைக் காட்டினார்.

"நீ சுட்டது அதுதானேய்யா."

போகட்டும், இதைச் சொன்னது யாரென்று மட்டும் எங்கேயும் மூச்சு விட்டுவிடாதீர்கள். அத்தப்பரின் பேரன்மார் இன்னும் அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள், பொல்லாத கோபக்காரர்கள்.