பெருந்தலை பாறையை விட்டு இறங்கியது

ஆற்றங்கரைப் புல்வெளியில் ஓர் எறும்புக் கூட்டம் இருந்தது. மழை வருவதற்குள் புல்லரிசி சேர்த்து வளையை நிரப்பியாக வேண்டும். ஆனால் எவ்வளவு சுமந்தும் வளை பாதிகூட நிரம்பவில்லை.

தலைமை எறும்பின் பெயர் பெருந்தலை. தலையும் பெரிசு, அதட்டலும் பெரிசு! வளைக்கு மேலே இருந்த பாறை உச்சியில்தான் அது எப்போதும் உட்கார்ந்திருக்கும். முன்பொருநாள் ஏதோ ஓர் எறும்பு, அரிசி என்று மணலைத் தூக்கி வந்துவிட்டது. அன்றுமுதல் ஓர் உத்தரவு: ஒவ்வோர் அரிசியையும் பாறைமேல் கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் கீழே வளைக்குள் போட வேண்டும்.

"இத்தனை பேர் உழைச்சும் அரிசி எங்கே போகுது?" என்று பெருந்தலை கத்தியது. "எல்லாம் இந்த ஐந்துகாலியால வந்த வினை! இது நொண்டி நொண்டி நடக்கிறதால வரிசையே நிக்குது. நாளையிலேர்ந்து இதுக்கு வளையில இடமில்லை!"

ஐந்துகாலி வரிசையை விட்டு முன்னால் வந்தது. ஒரு காலைச் சிலந்தியிடம் பறிகொடுத்த எறும்பு அது. மழையில் வெளியே கிடந்தால் வெள்ளத்தோடு போக வேண்டியதுதான். இனிமேல் பயந்து என்ன ஆகப்போகிறது?

"ஐயா! துரத்துறதுக்கு முன்னாடி, அரிசி தூக்கிக்கிட்டு எங்ககூட ஒரே ஒரு நடை வாங்க!"

"நானா? சுமக்கவா?" பெருந்தலை முகம் சுளித்தது. ஆனால் எல்லோரும் பார்க்கிறார்களே! வேண்டாவெறுப்பாக இறங்கியது.

ஓர் அரிசியைத் தூக்கிக்கொண்டு பாறையில் ஏறியது. பாதி வழியில் காற்று பலமாக வீசியது. எதிரே இறங்கி வந்தவர்கள் வேறு இடித்தார்கள். அரிசி பறந்தே போய்விட்டது! பெருந்தலை எட்டிப் பார்த்தது. பாறைக்குப் பின்னால், உச்சியிலிருந்து பார்த்தால் தெரியாத பள்ளத்தில் புல்லரிசி குவிந்து கிடந்தது. குருவிகள் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

"ஐயையோ! இது எத்தனை நாளா நடக்குது?"

"நீங்க உத்தரவு போட்ட நாள்லேர்ந்து, ஐயா!"

"ஏன் யாரும் சொல்லலை?"

"சொல்லணும்னா மேலே வரணும். அரிசி இல்லாம வந்தா நீங்க திட்டுவீங்க. அரிசியோட வந்தா பின்னாடி இருக்கிறவங்க நிக்க விட மாட்டாங்க!" என்றது ஐந்துகாலி.

பெருந்தலைக்கு வெட்கமாகிவிட்டது. "தப்பு என்னோடது. நீ எங்கேயும் போக வேண்டாம்!" என்றது.

அன்றே அது வளை வாசலில் வந்து நின்றுகொண்டது. அரிசியை அங்கேயே பார்த்து உள்ளே அனுப்பியது. மணல் வந்தால் திருப்பி விட்டது. நான்கே நாளில் வளை நிறைந்தது. ஐந்தாம் நாள் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. உள்ளே அரிசிக் குவியலில் சாய்ந்துகொண்டு, "அப்பாடா!" என்று ஐந்து கால்களையும் நீட்டியது ஐந்துகாலி. குருவிகள் பாடுதான் பாவம்!

வேலை நடக்கும் இடத்துக்கு இறங்கி வந்து பார்க்காத தலைவர், தன்னால் ஆகும் இழப்புக்குப் பிறரைத்தான் பழி சொல்வார்.