வலி குடித்த சீரகத் தண்ணீர்

அந்தக் காலத்தில் பறவையும் மனுஷரும் ஒரே பேச்சுப் பேசினார்கள். பிரசவ வலி மலைக்கு அந்தப் பக்கம் தனியாகக் குடியிருந்தது. பத்து மாதம் நிறைந்ததும் வயிற்றுப் பிள்ளை ஒரே ஒரு தடவை கூப்பிடும். வலி வரும், பிள்ளை பிறக்கும், வலி போய்விடும். ஒத்திகை கிடையாது.

கரிச்சான் குருவிக்கு அப்போது ஒற்றை வால். ஆடு மாதிரி கத்தும், பருந்து மாதிரி கத்தும். மருத்துவச்சி சிலம்பாயி மாதிரி இருமி, அவள் மருமகளைப் பதறி எழுந்து நிற்க வைக்கும். ஒருநாள், நிறைமாதமாக இருந்த அங்காயி முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். கரிச்சான் முருங்கைக் கிளையில் உட்கார்ந்து, வயிற்றுப் பிள்ளையைப் போலவே கூப்பிட்டது.

வலி மூச்சிரைக்க ஓடிவந்து அங்காயியின் இடுப்பைப் பிடித்தது. முறம் சரிந்தது. சிலம்பாயி பாதிக் கஞ்சியில் எழுந்து வந்தாள். வலி வயிற்றில் காதை வைத்துப் பார்த்தது, பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. வந்த விருந்தாளியை வெறும் வாயோடு அனுப்பக் கூடாதென்று சிலம்பாயி சீரகத் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுப் போயிற்று. மறுநாளும் இதே கூத்து. அதற்கடுத்த நாளும்.

"உனக்குப் பிள்ளை பிறக்குறதுக்குள்ள என் வீட்டுச் சீரகம் தீந்துரும்டி," என்றாள் சிலம்பாயி.

நான்காம் நாள் பிள்ளை நிஜமாகவே கூப்பிட்டது. பனிக்குடம் உடைந்தது. வலி வரவில்லை. உச்சிப்பொழுது தாண்டியது. சிலம்பாயி வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், அசைவு குறைந்திருந்தது. அதன்பிறகு அவள் கேலி பேசவில்லை. அங்காயி முருங்கையை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ கூப்பிட்டா வருதுல்ல. இப்பக் கூப்பிடு."

கரிச்சான் மலை தாண்டிப் போய், இந்தத் தடவை பொய் இல்லை என்றது.

"இது யார் குரல்?" என்று கேட்டது வலி.

கரிச்சான் திரும்பி நின்று வாலை நீட்டியது.

"பிடிச்சுக்க. பிள்ளை தூங்கினா பிடுங்கிடு."

வலிக்கு மெதுவாகப் பிடிக்கத் தெரியாது. பாதி மலையிலேயே வால் நடுவில் கிழிந்துவிட்டது. கரிச்சான் நிற்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் பெண்பிள்ளை பிறந்து அழுதது.

போகும்போது வலி சொல்லிவிட்டுப் போயிற்று: இனி எந்தக் குரலையும் நம்ப மாட்டேன், நானே அவ்வப்போது வந்து பார்ப்பேன். தண்ணீர் கொடுங்கள். நேரம் ஆகாவிட்டால் குடித்துவிட்டுப் போவேன், ஆகியிருந்தால் பிடியை விடமாட்டேன்.

அன்று முதல்தான் நிறைமாதக்காரிகளுக்குப் பொய்வலி வந்து வந்து போகிறது, இடுப்பு வலித்தால் முதலில் சீரகத் தண்ணீர் கொடுக்கிறார்கள். இரட்டை வால் கரிச்சானும் எல்லாக் குரலிலும் கத்துகிறது, அந்த ஒரு குரலைத் தவிர.