பேரிகை நடுவே சொல்லாத சொல்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைச் சொன்னால் பக்கத்து நாட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால் பெயர் வேண்டாம்.

அந்த நாட்டின் ராணி இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. காரியங்கள் முடிந்த மறுநாள் ராஜா ஓர் ஆணை போட்டார். சபை கூடிக் கலையும்வரை பன்னிரண்டு பேரிகைகள் ஓயாமல் முழங்க வேண்டும். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் காதில் விழுந்திருக்காது.

அந்தச் சபையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ராஜாவிடம் பேசுகிறவர் வலது கையால் வாய் பொத்திக்கொண்டுதான் பேச வேண்டும். எச்சில் தெறிக்கக் கூடாது என்பதற்காக. பேரிகை வருவதற்கு முன்பு இதனால் தொல்லை இல்லை. இப்போது பேச்சும் கேட்கவில்லை, உதடும் தெரியவில்லை. அமைச்சர் மழவராயர் மட்டும் சிம்மாசனத்தின் அருகில் நின்று, "அவர் இப்படிச் சொல்கிறார், மகாராஜா" என்று ராஜாவின் காதுக்குள் சொல்வார். ராஜா தலையாட்டுவார். அன்றிலிருந்து நாடு அப்படித்தான் நடந்தது.

சபையைச் சிரிக்க வைக்கும் விகடன் வேம்பையன் ஒருநாள் வாய் பொத்தி முன்னே வந்தான். கிழக்கு ஏரியின் மதகு உடைந்து கிடப்பதைச் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் மழவராயர் கையை உயர்த்திப் பேரிகையை நிறுத்தினார்.

"மகாராஜா, இவன் சொன்னதை என் வாயால் சொல்லக் கூசுகிறது."

"சொல்லும்."

"ராணி போனதே நாட்டுக்கு நல்லது என்கிறான்."

ராஜாவின் முகத்தில் ரத்தம் இல்லை.

"நானும் கேட்டேன்" என்றார் படைத்தலைவர் கச்சிராயர்.

"சத்தியமாக என் காதிலும் விழுந்தது" என்றார் சோதிடர் வரரங்கர்.

சோதிடர் பொய் சொல்லவில்லை. விகடன் இன்று ராணியைப் பழித்துப் பேசப்போகிறான் என்று, அவன்மேல் நெடுநாள் பொறாமை கொண்ட மழவராயர் காலையிலேயே ஆளாளுக்குச் சொல்லி வைத்திருந்தார். எதை எதிர்பார்த்து வந்தார்களோ அது அவர்களுக்குக் கேட்டுவிட்டது.

"மகாராஜா, நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்றான் வேம்பையன்.

"இத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள். நீ சொல்லவில்லையா? அப்படியானால் நாளை இதே சபையில், இதே பேரிகை நடுவில், நீ எப்படிச் சொல்லாமல் இருந்தாய் என்று செய்து காட்டு. முடியாவிட்டால் உன் நாக்கை அறுப்பேன்."

ஆத்திரத்தில் வந்த ஆணை அது. சொல்லாததை எப்படிச் செய்து காட்டுவது? கச்சிராயருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"விகடரே, இன்று இரவே நாலு நல்ல வார்த்தை பேசிக்கொள்ளும்" என்றார்.

வேம்பையன் அவரைப் பார்க்கவில்லை. "உத்தரவு, மகாராஜா. ஒரு விண்ணப்பம். நாளை எல்லாருக்கும் ஓர் ஓலையும் எழுத்தாணியும் கொடுங்கள். என்னிடமிருந்து கேட்டதை அவரவர் எழுதட்டும். ஒருவர் ஓலையை இன்னொருவர் பார்க்கக் கூடாது."

"ஆகட்டும்."

மறுநாள் கொலைக்களத்து ஆள் கத்தியோடு தூண் ஓரம் நின்றான். வேம்பையன் வாசலிலேயே வாய் பொத்திக்கொண்டு வந்தான். வெள்ளை வேட்டி, வெள்ளை மேல்துண்டு. பயத்தில் இப்போதே பொத்திவிட்டான் பார் என்று சிலர் கிசுகிசுத்தார்கள். சிம்மாசனத்துக்கு முன்னால் நின்றான். பேரிகைகள் முழங்கின. அவன் தலை அசைந்தது. இடது கை ஏதோ கெஞ்சுவதுபோல் நீண்டது. தோள்கள் குலுங்கின. அரை நாழிகை அப்படியே. எல்லாரும் காதைக் கூர்மையாக்கி எழுதினார்கள். ராஜாவும் ஓர் ஓலையில் ஏதோ எழுதினார்.

பேரிகை நின்றது.

மழவராயரின் ஓலையை எழுத்தர் படித்தார். "'ஆமாம், சொன்னேன், மன்னித்துவிடுங்கள்.'"

"ஒப்புக்கொண்டான்!" என்றார் மழவராயர்.

"எங்கே ஒப்புக்கொண்டான்?" என்று கச்சிராயர் எழுந்தார். "என்னை அல்லவா பழித்தான்! போன போரில் முதலில் ஓடியது நான்தான் என்றான். அப்படியே எழுதியிருக்கிறேன், படியும்!"

"உம்மை எங்கே சொன்னான்?" என்றார் வரரங்கர். "ராணிக்கு நூறு வயது என்று கணித்த சோதிடன் இவன்தானே என்று என்னைக் கைகாட்டினான், மகாராஜா!"

எழுத்தர் ஒவ்வொன்றாகப் படித்தார். இருபத்துமூன்று ஓலைகள். இருபத்துமூன்று பேச்சு. படிக்கப் படிக்கச் சபையில் சத்தம் குறைந்தது. கடைசி ஓலை முடிந்தபோது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"வேம்பையா, இதற்கு என்ன சொல்கிறாய்?" என்றார் ராஜா.

வேம்பையன் பதில் சொல்லாமல் நடந்து எச்சில் படிக்கத்தின் அருகே குனிந்தான். கையை எடுத்தான். வாயிலிருந்து எண்ணெய் கொட்டியது. ஒரு வாய் நிறைய.

"நல்லெண்ணெய், மகாராஜா. வீட்டிலேயே வாயில் ஊற்றிக்கொண்டு கிளம்பினேன். பல்லுக்கு நல்லது."

எழுத்தர் கையிலிருந்த ஓலைகளைக் கீழே வைத்தார்.

"பொய்!" என்று கத்தினார் கச்சிராயர். "எண்ணெயை வைத்துக்கொண்டே பேசியிருப்பான்!"

வேம்பையன் மடியிலிருந்து ஒரு குப்பியை எடுத்து நீட்டினான். "மிச்சம் இருக்கிறது. ஒரே ஒரு சொல் பேசிக் காட்டுங்கள், தளபதி. உங்கள் பெயரே போதும்."

வீம்புக்குக் கச்சிராயர் வாய் நிறைய ஊற்றினார். "கச்..." என்றார். எண்ணெய் மீசை வழியாகப் பட்டு அங்கியில் இறங்கித் தொப்புள்வரை போனது. வேம்பையன் தன் உள்ளங்கையையும் மேல்துண்டையும் விரித்துக் காட்டினான். ஒரு சொட்டுக்கூடக் கறை இல்லை.

"நேற்று எப்படிச் சொல்லாமல் இருந்தேனோ அப்படியேதான் இன்றும் இருந்தேன், மகாராஜா. காது பாதிதான் கேட்கிறது, மீதியை உதட்டைப் பார்த்துக் கண் கேட்கிறது. இங்கே உதட்டைக் கை மூடுகிறது, காதைப் பேரிகை மூடுகிறது. அப்புறம் உள்ளே இருப்பது பேச ஆரம்பித்துவிடுகிறது. எழுதியவர்கள் எல்லாரும் தங்கள் பேச்சைத்தான் கேட்டு எழுதினார்கள்."

ராஜா கச்சிராயரின் அங்கியைப் பார்த்தார். சிரித்தார். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு. சபையும் சிரித்தது. கத்தி வைத்திருந்தவன்கூடச் சிரித்தான். ராஜா அவனைப் போகச் சொன்னார். மழவராயரை, காது சரியாகும்வரை சபையின் கடைசி வரிசையில் நிற்கச் சொன்னார்.

"உன் நாக்கு உன்னுடையது. வேறு என்ன வேண்டும்?"

"பேரிகையை நிறுத்துங்கள், மகாராஜா."

ராஜாவின் சிரிப்பு நின்றது. தன் ஓலையை அவனிடம் நீட்டினார். படிக்கப்படாமல் இருந்தது அது ஒன்றுதான். அதில் ஒரே வரி.

'இன்னும் சாப்பிடவில்லையா?'

"அவள் குரல்தான்" என்றார் ராஜா, அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "தினமும் இந்தச் சத்தத்துக்குள் வருவாள். நிறுத்திவிட்டால் எப்படிப் பேசுவாள்?"

வேம்பையன் ஓலையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றான். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று சற்றுமுன் அவனே விளக்கியிருந்தான். ராஜாவும் கேட்டிருந்தார்.

ஓலையைத் திருப்பிக் கொடுத்தான். "சபையில் வேண்டாம், மகாராஜா. ஜனங்கள் சொல்வது கேட்க வேண்டும். சபை கலைந்த பிறகு ஒரு நாழிகை முழங்கட்டும். நானும் வந்து பக்கத்தில் உட்காருகிறேன்."

"வந்து என்ன செய்வாய்?"

"இன்று செய்ததைத்தான். இனி எண்ணெய் இல்லாமலே செய்துவிடுவேன்."

ராஜா அவனையே பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். மதகு விஷயத்தை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். கையை எடுத்துவிட்டுச் சொல்லச் சொன்னார்.

வாயைத் திறக்காமல் இருந்ததற்காகப் பரிசு வாங்கிய விகடன் அந்த நாட்டில் அவன் ஒருவன்தான். கடைசி வரிசையில் நின்ற மழவராயர் அதற்கும் பொறாமைப்பட்டார்.