மெல்ல, குழலி!

முன்னொரு காலத்திலே, மாதம் மும்மாரி பெய்த முல்லையூரிலே, ஏழுநிலைக் கோபுரமுடைய சிவாலயம் ஒன்று இருந்தது. அதன் செங்கல் இடுக்குகளில் முளைக்கும் அரசங்கன்றுகளையும் ஆலங்கன்றுகளையும் களைவதே குழலியின் திருப்பணி. முன்பெல்லாம் கணவன் மாசிலாமணியும் உடன் வருவான். அவன் உழவாரப்படையால் செதுக்குவான். அவள் கூடையில் ஏந்துவாள். "மெல்ல, குழலி! அதற்கும் உயிருண்டு" என்பான். மூன்றாண்டுகளுக்கு முன் ஒருநாள் கோபுரம் ஏறியவன் இறங்கவே இல்லை. அவனது உழவாரத்தை அவள் கையிலெடுத்தாள்.

ஐந்தாம் நிலையில் ஓர் அரசங்கன்று முளைத்தது. முதலாண்டு வெட்டினாள், துளிர்த்தது. மறு ஆண்டு வெட்டினாள், துளிர்த்தது. மூன்றாமாண்டு, குடமுழுக்குக்கு முதல்நாள், மீண்டும் ஓங்கினாள்.

"மெல்ல, குழலி!" என்றது கன்று.

உழவாரம் கைநழுவிற்று. "நீங்களா?"

"நானேதான். கலசத்து மணிகளைத் திருடித் தரச் சொன்னான் ஒரு மாயாவி. மறுத்தேன். 'கோபுரத்துக்குத் துரோகம் செய்ய மனமில்லையா? அதன் சுவரிலேயே செடியாய்க் கிட!' என்று சபித்தான். வேர் அறாமல் மண்ணில் நட்டால் மீள்வேன். மூன்றாமாண்டில்தான் எனக்குப் பேச்சு வந்தது. அதற்குள் நீயோ இருமுறை என் தலையைச் சீவிவிட்டாய்!"

"ஐயோ, ஈசன் பணி என்றல்லவா செய்தேன்!"

"செய்தாய், செய்தாய். அதிலும் கோணலாக!"

அழுகையினூடே அவளுக்குச் சிரிப்பு வந்தது.

கீழிருந்து கொத்தனார் ஏகாம்பரம் கூவினார்: "இன்னுமா முடியவில்லை, அம்மா? பொழுது சாய்ந்ததும் வேரில் கொதியெண்ணெய் ஊற்றிவிடுவேன்!"

குழலி விரலால் காரையைத் தோண்டினாள். முதற்கல்லை அசைத்தாள், வேர் நெகிழ்ந்தது. இரண்டாம் கல்லை அசைத்தாள், வேர் நெகிழ்ந்தது. மூன்றாம் கல்லை வேர் இறுகத் தழுவியிருந்தது. அதைக் கல்லோடு பெயர்த்தாள்.

"கோபுரக் கல்லையா பெயர்த்தாய்? சிவத்துரோகம்!" என்று ஏறி வந்தார் ஏகாம்பரம்.

"கல்லைத் திரும்ப வைக்கலாம், ஐயா. இவரை எங்கே போய்த் தேடுவேன்? பழி என்னுடையதாகட்டும், ஈசன் அறிவான்."

கல்லும் கன்றுமாய் மார்போடணைத்து இறங்கினாள். நந்தவனத்து ஈரமண்ணில் நட்டாள், இலைகள் சிலிர்த்தன. அங்கே மாசிலாமணி நின்றான், கையில் அந்தச் செங்கல்லோடு.

"ஏகாம்பரம் அண்ணே, சுண்ணாம்பு குழைத்திருக்கிறீரா? கல்லை இடத்தில் வைக்க வேண்டும்."

மறுநாள் குடமுழுக்கு நீர் இருவர் தலையிலும் தெறித்தது. இன்றும் முல்லையூரார் கோபுரச் செடியைத் தொடுமுன் "மெல்ல" என்பார்கள். வேரோடெடுத்து மண்ணில் நடுவார்கள். நட்ட கையும் நட்ட செடியும் வாழ்க.